அமைச்சர் இருக்கையா, அவை ஒலிவாங்கியா? நெதர்லாந்துக் கட்சித் தலைவரின் இரண்டு வழிகள்

நெதர்லாந்தில் கிளை, சந்தா, மாநாடு எல்லாம் பார்த்துக்கொள்ள நிர்வாகத் தலைவர் ஒருவர் தனியாக இருப்பார். அரசியல் தலைவர் வேறு: வேட்பாளர் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. கூட்டணி அமைந்ததும் அவருக்குத்தான் சிக்கல். அரசமைப்புச் சட்டத்தின் 57ஆவது பிரிவுப்படி, அமைச்சராக இருப்பவர் 150 இடங்கள் கொண்ட கீழவையில் உறுப்பினராகத் தொடர முடியாது (ராஜினாமா கொடுத்துவிட்ட அமைச்சர்களுக்கு மட்டும் விலக்கு). இரண்டில் ஒன்றை விட வேண்டும்.

பெரிய கட்சிக்கு வழக்கமாக யோசனையே இல்லை, தலைவர் பிரதமராவார். இரண்டாவது, மூன்றாவது கட்சிக்குத்தான் தலைவலி.

அமைச்சரானால் இலாகா கிடைக்கும், முடிவெடுக்கும் மேசையில் இடம் கிடைக்கும். ஆனால் அமைச்சரவை ஒரே குரலில்தான் பேச வேண்டும். 2022 ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் வோப்கே ஹூக்ஸ்ட்ரா, நைட்ரஜன் உமிழ்வைக் குறைக்க அரசு வைத்த 2030 கெடு 'புனிதமானதல்ல' என்று பேட்டி கொடுத்தார். சி.டி.ஏ. (கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி) தலைவராகச் சொன்னதாம். இரண்டு பதவிக்கும் வாய் ஒன்றுதானே! அவையில் எதிர்க்கட்சிகள் பிடித்துக்கொண்டன.

அவையில் தங்கினால் அந்தக் கட்டு கிடையாது. 1994இல் பிரதமர் விம் கோக்கின் கூட்டணி அமைச்சரவையில் வி.வி.டி. (வலதுசாரி தாராளவாதக் கட்சி) தலைவர் போல்கஸ்டைன் சேரவில்லை. சொந்தக் கூட்டணியையே அவையில் விமர்சித்தார். அதே கூட்டணியில் இருந்த டி66 (இன்னொரு தாராளவாதக் கட்சி) தலைவர் வான் மீர்லோ துணைப் பிரதமரானார். 1998 தேர்தலில் வி.வி.டி. 31இலிருந்து 38க்கு ஏறியது, டி66 24இலிருந்து 14க்கு இறங்கியது. இருக்கை ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். அந்தத் தேர்தலில் டி66 பட்டியலின் முதல் பெயர் வான் மீர்லோவுடையதே இல்லை.

எல்லாருமே அவையில் தங்கினால்? 2024 ஜூலையில் கட்சி சாராத டிக் ஸ்கோஃப் பிரதமரானார். நான்கு கூட்டணித் தலைவர்களும் வெளியே. ஸ்டியரிங் ஒருவரிடம், பிரேக் நால்வரிடம். 11 மாதத்தில் நால்வரில் ஒருவரான பி.வி.வி. கட்சித் தலைவர் வில்டர்ஸ் பிரேக்கை மிதித்துவிட்டார்: கட்சியை விலக்கிக்கொண்டார், அரசு கவிழ்ந்தது.

அவையில் தங்குபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: துணைப் பிரதமராக யாரை அனுப்புகிறோம் என்பது. 2012இல் தொழிற்கட்சித் தலைவர் சாம்சம் அவையில் இருந்துகொண்டு தன் கட்சிக்காரர் அஷரை அனுப்பினார். அவையில் இருந்தும் போல்கஸ்டைனைப் போல விலகி நிற்கவில்லை, கூட்டணிக்காக வாதாடியே காலம் போயிற்று. 2016 டிசம்பரில் உறுப்பினர்கள் வாக்களித்தபோது தலைமையைத் தட்டிச் சென்றவர் அஷர். அவருக்கும் வாய்த்தது இவ்வளவுதான்: மூன்று மாதம் கழித்து கட்சி 38 இடங்களிலிருந்து 9க்கு விழுந்தது.