உலர் தீனியிலிருந்து கவர் உணவுக்கு: சோமுவோடு ஒன்றரை வருடம்

எங்கள் கடுவன் பூனை சோமுவுக்கு ஆறு வயது. குட்டியிலிருந்தே உலர் தீனிதான். கிண்ணத்தில் கொட்டி வைத்தால் நாள் முழுக்கக் கொறிப்பான், எங்களுக்கும் வேலை மிச்சம். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒருநாள் மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்தான். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கடுவனுக்குச் சிறுநீர் முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். நல்லவேளை, அந்த அளவுக்குப் போகவில்லை. சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் ஈர உணவுக்கு மாற்றச் சொன்னார். உலர் தீனியில் ஈரம் 10 சதவீதம் இருந்தாலே அதிகம். கவரில் வரும் ஈர உணவில் 75க்கு மேல்.

அன்று இரவே கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கவரைப் பிரித்து வைத்தேன். முகர்ந்தான், மலத்தை மூடுவதுபோல் தரையைப் பிறாண்டினான், போய்விட்டான். "பசிச்சா தின்னும், விடு" என்றார் அம்மா. மறுநாள் மாலை வரை பட்டினி. மருத்துவரிடம் போனில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பூனை, அதுவும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து அதுவே பெரிய நோயாகிவிடுமாம். சோமு அப்போது 5.8 கிலோ.

சரி, மறுபடி முதலிலிருந்து. முதல் வாரம் உணவை மாற்றவே இல்லை. பழைய தீனியையே வேளைக்கு வைத்து இருபது நிமிடத்தில் எடுத்தேன். பசி என்ற ஒன்று அவனுக்கு வந்ததே அப்போதுதான். அப்புறம் ஓரத்தில் அரை ஸ்பூன் ஈர உணவு. கவரை வெந்நீரில் போட்டு வெதுவெதுப்பாக்கினால் வாசனை தூக்கும், அதற்குத்தான் மசிந்தான். கால், அரை, முக்கால் என்று ஏற்றினேன். ஏழிலிருந்து பத்து நாள் போதும் என்பார்கள், எங்களுக்கு ஐந்து வாரம். நடுவில் மலம் இளகியது. முந்தைய அளவுக்கே இறங்கி மூன்று நாள் நின்றேன். வாரம் ஒருமுறை அவனைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, என் எடையைக் கழித்துக் குறித்து வைத்தேன்.

செலவுக்குப் பயந்து வேகவைத்த மத்தி மீனும் சோறும் மட்டும் போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். கூடாது என்றார். டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். வேகவைத்த தண்ணீரோடு அதில் நிறையப் போய்விடும். இப்போது மத்தி வாரம் ஒருநாள், ஆசைக்கு. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது.

குறை என்றால் பணம்தான். முழுக்கக் கவர் கட்டுப்படியாகாமல், மருத்துவரைக் கேட்டு, இரண்டு கவரும் ஒரு வேளை தண்ணீரில் ஊறவைத்த உலர் தீனியும் என்று நிறுத்தினோம். அடுத்தது எறும்பு. தட்டைத் தண்ணீர்த் தாம்பாளத்துக்குள் வைத்துச் சமாளிக்கிறோம். வெயில் காலத்தில் மீந்ததை உடனே கொட்டிவிட வேண்டும்.

இப்போது 5.1 கிலோ. சிறுநீர்த் தொந்தரவு திரும்ப வரவில்லை. ஆனால் உலர் தீனி டப்பா திறக்கும் சத்தம் கேட்டால் மொட்டை மாடியிலிருந்து ஓடி வருகிறான். கவர் கிழிக்கும் சத்தத்துக்கு நடந்துதான் வருவான்.