கார்ட்லெஸ் மைக்: ஸ்பிரிங் மாத்தின கோபத்தோட எழுதினது

தொண்டியில செட்டு போடுற மாப்ள கேட்டிருக்கான்: "நீ வச்சிருக்கியே அந்த ரெட்டை கார்ட்லெஸ், இப்ப விலை நல்லா இறங்கியிருக்கு. வாங்கட்டுமா?" போன்ல பதில் சொன்னா வாயில வேற வார்த்தை வரும். நேத்துத்தான் ராமநாதபுரத்துல காசு கட்டி ஒரு மைக்கைத் திருப்பி எடுத்துட்டு வந்தேன். அதனால எழுதியே அனுப்புறேன். கம்பெனி பேரு வேண்டாம், அவனுக்குத் தெரியும்.

சத்தத்துல குறை சொல்ல மாட்டேன். குரல் பிசிறில்லாம விழும். கச்சான் காத்து அடிக்கிறப்பவும் பஞ்சு உறை ஒண்ணு மாட்டினா போதும், இரைச்சல் அடங்கிடும். மைக்கோட சிக்னலை வாங்குற பெட்டி, அதான் ரிசீவர், அதை மட்டும் ஆள் உயரத்துக்கு மேல வச்சு ஏரியலை விரிச்சு விடணும். மனுஷ உடம்பே சிக்னலைக் குடிச்சிடும், அதுவும் சாப்பாட்டுப் பந்தி எந்திரிக்கிற நேரத்துல. கரோக்கிக்கு இது ரொம்ப முக்கியம்: ப்ளூடூத் மைக் மாதிரி குரல் பின்தங்காது. திரையில வரி ஓடுற நேரத்துக்கே வாயும் ஓடும்.

வயர் மைக் இருந்த காலத்துல மேடைக்கு வர்றவங்கதான் பாடுவாங்க, அதாவது மாப்பிள்ளையோட ஃப்ரெண்டுங்க. இப்ப மைக் ஆளைத் தேடிப் போகுது. தங்கச்சிமடத்துல ஒரு சடங்கு வீடு. பின்வரிசையில வெத்தலை இடிச்சிக்கிட்டிருந்த அப்பத்தா கையில பேத்தி மைக்கைத் திணிச்சா. நான் ட்ராக்கை ரெண்டு கட்டை இறக்கி விட்டேன். அப்பத்தா பல்லவியை முடிச்சு அனுபல்லவிக்கு மூச்சு இழுத்தாங்க பாருங்க, அங்க செத்துச்சு மைக்.

என் ஆத்திரமே இதுதான். இந்த மைக் சாகும்போது ஒரு 'கொர்' கூட கிடையாது. சிக்னல் போனதும் ரிசீவர் தானா வாயை மூடிக்கும். இரைச்சல் வராம இருக்க அப்படி வச்சிருக்கான், நல்லதுதான். ஆனா கேக்குற சனத்துக்கு எப்படித் தெரியும்? ட்ராக் ஓடுது, லைட்டு எரியுது, குரல் மட்டும் இல்ல. அப்ப யாரு அமுக்கினது? செட்டுக்காரன்! "ஏன் தம்பி, கிழவி பாடினா உனக்கென்ன?"ன்னு தாய்மாமன் என் மிக்சர்கிட்ட வந்து நிக்கிறார். அதுக்குள்ள அப்பத்தா மைக்கை உள்ளங்கையில ரெண்டு தட்டு தட்டுறாங்க, உயிர் வருது. மாமன் என்னை முறைச்சுக்கிட்டே போறார், நான்தான் பயந்து போட்டு விட்டேன்னு.

கோளாறு மைக்கோட அடிக்குழாய்க்குள்ள, அதாவது பேட்டரி போடுற கைப்பிடிக் குழாய்க்குள்ள. திருகித் திறந்தா பேட்டரியைத் தாங்குற ஸ்பிரிங், முனையில பழுப்பேறிக் கிடக்கும். உப்புக்கு ஒரு குணம்: காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா தானே தண்ணியை இழுத்துக் கசிய ஆரம்பிச்சிடும். நம்ம கரையில பொழுது சாய்ஞ்சா கேக்கவா வேணும்? அது நிக்கல் பூச்சுக்கு அடியில புகுந்து இரும்பைத் தின்னுது. கரண்டு போற வழி அடைபட்டா மைக் படுத்துக்கும். சார்ஜ் பேட்டரின்னா இன்னும் சீக்கிரம், அதோட வோல்ட்டே 1.2 தானே, சாதா செல்லுன்னா 1.5. இந்த லட்சணத்துல ரிசீவர்ல பேட்டரி 'ஃபுல்'னு காட்டுது.

1914ல திறந்த பாம்பன் ரயில் பாலமே துருவோட மல்லுக்கட்டி 2022 டிசம்பர்ல ஓய்ஞ்சு போச்சு. 2025 ஏப்ரல்ல திறந்த புதுப்பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, உப்பைத் தாங்குற பாலிசிலாக்சேன் பெயிண்ட்டுன்னு யோசிச்சுச் செஞ்சிருக்காங்க. விரல் நுனி அளவு ஸ்பிரிங்குக்கு நல்ல கம்பி போட அந்தக் கம்பெனிக்கு என்ன கேடு? அதுவும் தனியா கிடைக்காதாம். அடிக்குழாய் மொத்தமும் மாத்தணுமாம். சர்வீஸ்காரர் இதைச் சொல்லும்போது சிரிச்சார் வேற.

வாங்கிட்டா செய்ய வேண்டியது: விசேஷம் முடிஞ்சதும் பேட்டரியை உருவிடு. அழிரப்பரால முனையைத் தேய்; உப்புத்தாள் போட்டா பூச்சே போயிடும். பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போடு. காண்டாக்ட் க்ளீனர் கையோட இருக்கணும். இவ்வளவும் செஞ்சும் எனக்குப் பத்து மணி நெருக்கத்துல ஒரு தடவையாவது கை நடுங்குது. பத்துக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000லயே சட்டம் போட்டாச்சு. கடைசிப் பாட்டுக்கு சண்டை போட்டு மைக்கைப் பிடிச்சவர் பாதியில நின்னா, திரும்பப் பாட வைக்க நேரம் எங்க இருக்கு?

அதனால மாப்ள, வாங்காதே. ஆமா, இவ்வளவு புகழ்ந்துட்டுத்தான் சொல்றேன். பரமக்குடியில செட்டு போடுறவனா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னு சொல்லியிருப்பேன். உனக்குக் கடல் ரோட்டுக்கு அந்தப் பக்கம். வாங்கித்தான் தீருவேன்னா, அடிக்குழாய் ஒண்ணு தனியா தந்தாத்தான் காசுன்னு கடையில கறாரா சொல்லு. என்னோடதை இரவல் கேக்காதே. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில, வைகாசி முழுக்க எனக்கு விசேஷ வீடு. பாதிப் பேரு மீன்பாடு வந்துதான் பாக்கி தருவாங்க, அது வேற கதை.