கலர் நெகட்டிவில் கிரெய்ன்: புஷ்ஷா, கூடுதல் வெளிச்சமா, பிளீச்சைத் தவிர்ப்பதா?

கருப்பு வெள்ளை ஃபிலிமில் கிரெய்ன் (படத்தில் தெரியும் பொடிப்பொடியான துகள்தன்மை) பிடிக்கவில்லை என்றால் டெவலப்பரை, அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனத்தை, மாற்றிப் பார்க்கலாம். கலர் நெகட்டிவில் அந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டது. கலர் நெகட்டிவைக் கழுவும் வழக்கமான சி-41 முறையில் டெவலப்பருக்கு 37.8 டிகிரி செல்சியஸ், 3 நிமிடம் 15 விநாடி என்று எல்லாமே முன்கூட்டியே தீர்மானமானவை. கடைசியில் நாம் பார்ப்பதும் ஒளி பட்ட படிகங்களிலிருந்து உருவாகும் வெள்ளி அல்ல. வெள்ளியைச் சுற்றி உருவான சாயத் திட்டுகள் மட்டுமே. வெள்ளியை பிளீச்சும் ஃபிக்ஸரும் வெளியேற்றிவிடும்.

ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 400 ஃபிலிமை 800 என்று வைத்து பாதி வெளிச்சத்தில் எடுத்து, டெவலப் நேரத்தைக் கூட்டி ஒரு ஸ்டாப் புஷ் செய்தால் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) கான்ட்ராஸ்ட் ஏறும், கிரெய்னும் ஏறும். வெளிச்சம் குறைவாக விழுந்த இடத்தில் பெரிய, வேகமான படிகங்கள் மட்டுமே பதிவாகியிருக்கும். டெவலப்பரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் பதியாத நிழல் வராது. மூன்று வண்ண அடுக்குகளும் ஒரே அளவில் ஏறுவதில்லை என்பதால் நிழலுக்கு ஒரு நிறம், ஒளிக்கு வேறு நிறம் என்று சாயலும் கெடலாம்.

அதே ஃபிலிமை 200 என்று வைத்து, அதாவது இரட்டிப்பு வெளிச்சம் கொடுத்து எடுத்து, வழக்கமான நேரமே டெவலப் செய்தால்? மெதுவான சிறிய படிகங்களும் வேலைக்கு வரும். சாயத் திட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து இடைவெளியை மூடும். கிரெய்ன் குறைந்து தெரியும். கருப்பு வெள்ளையில் இது தலைகீழ், அங்கே கூடுதல் வெளிச்சம் கிரெய்னைக் கூட்டும். கலர் நெகட்டிவில் என் ஓட்டு இந்தக் கூடுதல் வெளிச்சத்துக்குத்தான். ஆனால் மூன்று, நான்கு ஸ்டாப் என்று போனால் நெகட்டிவ் அடர்ந்துபோய் ஸ்கேனர் திணறும், அப்புறம் அதன் இரைச்சல் புள்ளிகளும் படத்தில் சேர்ந்துகொள்ளும்.

புஷ்ஷுக்கு எதிராக, டெவலப் நேரத்தைக் குறைக்கும் ‘புல்’ முறையில் பெரிய லாபமில்லை. படம் சப்பென்று இருக்கும். ஸ்கேனில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றும்போது கிரெய்னும் கூடவே ஏறும்.

பிளீச்சைத் தவிர்த்துவிட்டால் சாயத்தோடு வெள்ளியும் தங்கும். நிறம் மங்கி, கிரெய்ன் முரடாகும். வேண்டுமென்றே செய்பவர்களுக்கு அது அழகு. புஷ்ஷைவிட இதில் ஒரு வசதி உண்டு: பிடிக்காவிட்டால் பிறகு பிளீச், ஃபிக்ஸ் செய்து வழக்கமான நெகட்டிவாக மீட்கலாம். பிளீச்சும் ஃபிக்ஸரும் ஒன்றாகக் கலந்த பிளிக்ஸை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால், கேட்காமலே இதே விளைவு லேசாக வரும். வீட்டில் கழுவிய ரோலில் காரணம் தெரியாமல் கிரெய்ன் கூடி, நிறமும் மங்கியிருந்தால், புதுப் பிளிக்ஸில் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள்.