டென்ரல் ஹைஜீன் "சீற் புக்கிங்" என்று 4,800 டொலர் வாங்குகிறார்கள் – ரொறன்ரோ ஆக்கள் கவனம்

ஸ்காபுரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் கல்லூரிக்குப் போகும் வயதில் பிள்ளைகள் இருப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். 4,800 டொலர் போய்விட்டது. அதோடு சேர்த்து ஒரு வருடமும் போய்விட்டது. காசு தங்கச்சியுடையது, வருடம் அவளின் மகள், என் பெறாமகளுடையது. கோபம் ஆறமுதல் எழுதுகிறேன். ஆறினால் "எங்கட சனத்துக்குள்ள ஏன் பிரச்சினை" என்று வீட்டில் யாராவது வந்து தடுத்துவிடுவார்கள்.

இடத்தின் பெயர் போடவில்லை. பிளாசா ஒன்றின் மேல்மாடி, கீழே மளிகைக்கடை, மேலே "கல்வி ஆலோசனை". சுவர் முழுக்கப் பட்டமளிப்பு உடுப்போடு பிள்ளைகளின் படங்கள். இந்த மாதிரி இடம் ஒன்றுதான் என்றில்லை, அதனால் பெயரைவிட அவர்கள் வேலை செய்யும் முறைதான் உங்களுக்குத் தெரியவேண்டியது. நான் பல் மருத்துவத் துறையில்தான் வேலை செய்கிறேன். சரியாக விண்ணப்பிப்பது எப்படி என்பதையும் கடைசியில் முழுதாக எழுதுகிறேன்.

முதலில், அவர்கள் விற்றது என்ன என்று பாருங்கள். ஒன்ராறியோவின் அரச கல்லூரிகளில் டென்ரல் ஹைஜீன் (பல் சுத்திகரிப்பு, ஈறுப் பராமரிப்பு வேலைக்கான படிப்பு) மூன்று வருட அட்வான்ஸ்ட் டிப்ளோமா. ஜோர்ஜ் பிரவுன், அல்கொங்குவின், ஃபான்ஷோ, நயாகரா, எதற்குப் போவதென்றாலும் வாசல் ஒன்றுதான்: ஒன்ராறியோகொலிஜஸ் டொட் சீஏ என்ற பொது விண்ணப்பத் தளம். கணக்கைப் பிள்ளையே திறக்கலாம். ஒரு விண்ணப்பக் கட்டணத்துக்குள் ஐந்து படிப்புகள் வரை தெரிவு செய்யலாம், ஒரே கல்லூரியில் கூடியது மூன்று. செப்ரெம்பரில் தொடங்கும் வகுப்புக்கு பெப்ரவரி 1க்குள் வந்த விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் சமமாகப் பார்ப்பார்கள். ஒக்டோபரில் போட்டாலும் ஜனவரி 31 போட்டாலும் ஒன்றுதான். பெப்ரவரி 1 தாண்டினால் இடம் மிஞ்சினால் மட்டும். ஹைஜீனில் இடம் மிஞ்சும் என்று நம்பி இருக்கவே வேண்டாம். ஒவ்வொரு மாணவருக்கும் கிளினிக்கில் ஒரு நாற்காலியும் மேற்பார்வைக்கு ஆளும் வேண்டும், அதனால் வகுப்பில் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிக்கொள்ளக் கல்லூரியால் ஏலாது.

ஓஃபர், அதாவது இடம் தருகிறோம் என்ற கல்லூரியின் அறிவிப்பு, வந்தால் மே 1 வரை உறுதிப்படுத்த நேரம் இருக்கிறது. உறுதிப்படுத்த ஒரு சதமும் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் உறுதிப்படுத்தலாம், இன்னொன்றை உறுதிப்படுத்தினால் பழையது தானாகவே விழுந்துவிடும். படிப்புக்கான முற்பணம் அதற்குப் பிறகு, அதுவும் நேராகக் கல்லூரிக்கு. இந்த வரிசையில் "சீற் புக்கிங்" என்று ஒரு கட்டமே கிடையாது. இல்லாத அந்தக் கட்டத்துக்குத்தான் 3,000 டொலர் வாங்கினார்கள். ஃபைல் திறக்க 300, புரொசெசிங் 1,500, சீற் டிப்பொசிற் 3,000. மொத்தம் 4,800. ரசீதில் மூன்றும் ஒரே வரியாக "ஆலோசனைச் சேவை, திருப்பித் தரப்படமாட்டாது" என்று இருக்கிறது. சீற் என்ற சொல்லையே காணோம்.

இனி, காசு எப்படிக் கை மாறியது என்று கேளுங்கள். நவம்பர் மாதம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முதலில் ஊரைக் கேட்டார், பிறகு எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார், பிறகு தேத்தண்ணி வந்தது. "அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. இவ என்ர பிள்ளை மாதிரி. செப்ரெம்பர் ஹைஜீன் வகுப்பிலை இருப்பா, அது என்ர பொறுப்பு." கொஞ்ச நேரம் ஏதோ தட்டிவிட்டு மடிக்கணினியைத் தங்கச்சி பக்கம் திருப்பினார். கல்லூரி விண்ணப்பத் தளம், பிள்ளையின் பெயர், ஒரு இலக்கம், பச்சைச் சரி அடையாளம். "பாருங்கோ, பிள்ளையின்ர சீற் வந்திட்டுது. இண்டைக்கு டிப்பொசிற் கட்டாட்டி அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அந்தத் திரையில் இருந்தது விண்ணப்பம் கிடைத்தது என்ற அறிவிப்பு. யார் கட்டணம் கட்டி விண்ணப்பித்தாலும் வரும். விண்ணப்ப இலக்கத்துக்கும் இடம் கிடைப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஓஃபர் என்பது கல்லூரி தனியாக அனுப்புவது, கல்லூரியின் பெயர், படிப்பின் பெயர், தொடங்கும் மாதம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் உண்மையான இணையத்தளத்தில் சொந்தப் பிள்ளையின் பெயரைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் கை தன்பாட்டில் ஃபோனை எடுக்கும். ஈ-ட்ரான்ஸ்ஃபர் அந்த மேசையிலேயே போனது. போய்ச் சேர்ந்த இடம் பெயர் இல்லாத, வெறும் இலக்கக் கம்பனி ஒன்றின் கணக்கு. ஓட்டோ டிப்பொசிற் போட்டிருந்தபடியால் அனுப்பிய கையோடு உள்ளே போய்விட்டது, அதற்குப் பிறகு ரத்துச் செய்ய வழியில்லை. கிரெடிற் கார்டாக இருந்திருந்தால் வங்கியில் முறையிட்டுப் பார்த்திருக்கலாம். அவர்கள் கார்ட் எடுப்பதில்லை. ஏன் என்று இப்போது விளங்குகிறதா?

இன்னொரு வேலையும் அந்த மேசையில் நடந்தது. கணக்கைத் திறந்தது அலுவலகத்தின் மின்னஞ்சலில். கடவுச்சொல்லும் அவர்களிடம். அதாவது கல்லூரி எழுதும் ஒவ்வொரு கடிதமும் அவர்கள் பெட்டிக்குத்தான் போகும், பிள்ளைக்கு ஒன்றும் வராது.

அடுத்தது பயோலஜி. இதில்தான் எனக்குக் கூடக் கோபம், ஏனென்றால் இது பிள்ளையின் ஒரு வருடத்தைத் தின்ற பொய். ஹைஜீனுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது உயர்நிலைப்பள்ளி டிப்ளோமா, 12ஆம் வகுப்பு ஆங்கிலம், கணிதம், 12ஆம் வகுப்பு கெமிஸ்ட்ரி, 12ஆம் வகுப்பு பயோலஜி. கெமிஸ்ட்ரி கல்லூரித் தரத்திலும் (சீ) இருக்கிறது, பல்கலைக்கழகத் தரத்திலும் (யூ) இருக்கிறது. எஸ்சிஎச்-4சீ எடுத்திருந்தாலும் சரி, 4யூ எடுத்திருந்தாலும் சரி. பயோலஜி அப்படி இல்லை. 12ஆம் வகுப்பில் எஸ்பிஐ-4யூ மட்டும்தான், கல்லூரித் தரப் பயோலஜி 11ஆம் வகுப்போடு முடிந்துவிடும். கல்லூரிக்குத்தானே போகிறோம் என்று சீ பாடங்களாக எடுத்துவந்த பிள்ளைகள் அந்த இடத்தில்தான் தடக்கி விழுகிறார்கள். பெறாமகளிடமும் 11ஆம் வகுப்புப் பயோலஜிதான் இருந்தது. அதைத் தங்கச்சி அந்த மேசையில் வெளிப்படையாகக் கேட்டாள். வந்த பதில்: "வயசு 19 தாண்டினா மச்சுவர் ஸ்ரூடன்ற், அக்கா. பயோலஜி ஒண்டும் கேக்க மாட்டினம்."

பச்சைப் பொய். 19 வயது நிரம்பிய, டிப்ளோமா இல்லாதவரை மச்சுவர் ஸ்ரூடன்றாகப் பார்ப்பது உண்மை. அது டிப்ளோமாவுக்குப் பதில் மட்டும்தான். உயிரியலும் இரசாயனமும் தேவைப்படும் சுகாதாரப் படிப்பில் அந்தப் பாடங்களை எப்படியும் காட்டத்தான் வேண்டும். அதோடு பிள்ளையிடம் டிப்ளோமா ஏற்கெனவே இருக்கிறது! நவம்பரிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் பள்ளிச் சபையின் வளர்ந்தோர் பாடசாலையிலோ டீவிஓ ஐஎல்சி என்ற தொலைக்கல்விப் பள்ளியிலோ 4யூ தொடங்கியிருப்பாள். கல்லூரிகளே நடத்தும் அக்கடமிக் அப்கிரேடிங்கில் (விடுபட்ட பள்ளிப் பாடங்களை எடுக்கும் வகுப்பு), 12ஆம் வகுப்புக்குச் சமமான ஏஸ் சான்றிதழுக்கு, பயோலஜியைப் படிப்புக் கட்டணம் இல்லாமல் எடுக்கலாம். 4,800 டொலர் கொடுத்த இடத்தில் அந்தத் தகவல் கிடைக்கவில்லை.

பிறகு சாட்டுகள். பெப்ரவரியில் "கொலிச் இன்னும் ஃபைல் பார்க்கத் தொடங்கேல்லை." மார்ச்சில் "போர்ட்டல் டவுண்." ஏப்ரலில் "வெயிற் லிஸ்ற்றிலை முதல் ஆள் உங்கட பிள்ளைதான்." இடையிடையே அந்த ஆளைக் கேட்டால், சேர் மீற்றிங்கில், சேர் வெளியில், சேர் ஊருக்குப் போய்விட்டார். வட்ஸ்அப்பில் நீல அடையாளம் விழும், பதில் வராது. மே 1 தாண்டி, கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் கல்லூரியை உறுதிப்படுத்திய பிறகு நேரில் போய் நின்றால், முன்மேசைப் பிள்ளை சொல்கிறா, "அன்ரி, காசு கொலிச்சுக்குப் போயிட்டுது. நீங்கள் அவையளிட்டைத்தான் கேக்கோணும்." கல்லூரிக்கு ஒரு சதம் போகவில்லை.

அது எப்படித் தெரியும் என்றால், பெறாமகளையே ஃபோன் எடுக்கவைத்தோம். தாய் எடுத்தால் கல்லூரி பேசாது, அந்தரங்கச் சட்டம். விண்ணப்பதாரி தானே எடுத்து, இலக்கமும் பிறந்த திகதியும் சொல்லி, முதலில் மின்னஞ்சலைத் தன் பெயருக்கு மாற்றச்சொன்னாள். கணக்கைத் திறந்தால் நவம்பரில் அந்தப் பச்சை அடையாளம் வந்தது டென்ரல் ஒஃபிஸ் அட்மினிஸ்ட்ரேஷன் படிப்புக்கு! வரவேற்பு மேசை வேலைக்கான படிப்பு அது. ஹைஜீனைச் சேர்த்தது மார்ச் மாதம், பெப்ரவரி 1 போய்ப் பல நாளுக்குப் பிறகு, அதுவும் ஒரே ஒரு கல்லூரிக்கு. பள்ளிக்கூடப் புள்ளிப் பத்திரத்தை அனுப்பும்படி அலுவலகம் கேட்கவே இல்லை. பயோலஜி குறைகிறது என்று கல்லூரி எழுதிய கடிதமும் அங்கேதான் கிடந்தது, அவர்கள் திறந்து வாசித்த நிலையில்.

காசைத் திருப்பிக் கேட்டதும் புதுக் கதை. "4,800ஐ கிரெடிற்றா வைச்சு, பிரைவேற் கொலிச்சிலை டென்ரல் அசிஸ்ரிங் போட்டுத் தாறம். அதை முடிச்சா ஹைஜீன் ரெண்டாம் வருஷத்திலை ஏறலாம்." இதை எங்கள் சனம் நம்பக் காரணம் இருக்கிறது. முன்னொரு காலம் ஒன்ராறியோவில் அசிஸ்ரிங் (பல் வைத்தியருக்கு உதவியாளர் படிப்பு) முடித்தபின்தான் ஹைஜீனுக்குப் போனார்கள், அந்தக் காலத்து ஆக்கள் இன்றும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த முறை போய்க் கனகாலம். இப்போது ஹைஜீன் முதல் செமஸ்டரிலிருந்தே தனிப் படிப்பு. அசிஸ்ரிங் மரியாதையான வேலை, வேண்டுமென்றே படிப்பவர் படிக்கட்டும். ஹைஜீனுக்கு ஏணி என்று சொல்லி விற்பது ஏமாற்று.

தனியார் கல்லூரியில் கையெழுத்து வைப்பதென்றால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவுபெற்ற தனியார் தொழிற்கல்லூரி 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருகிறது. ஒப்பந்தப் பிரதி கையில் கிடைத்து இரண்டு நாளுக்குள் எழுத்தில் விலகினால் முழுக்காசும் திரும்பவேண்டும். அதற்குப் பிறகு, வகுப்புத் தொடங்கமுதல் விலகினால் அவர்கள் பிடித்துவைக்கக்கூடியது கட்டணத்தில் 20 வீதம், அதுவும் 500 டொலருக்கு மேல் இல்லை. ஆனால் பிளாசா மேல்மாடியில் முகவரிடம் கொடுத்த காசு கல்லூரிக்குக் கட்டிய காசு ஆகாது. இந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை. அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தனியார் ஹைஜீன் பள்ளி என்றால் இன்னொன்றையும் பாருங்கள். கனடியப் பல் மருத்துவ அங்கீகார ஆணையத்தின் பட்டியலில் அந்தப் படிப்பு இருக்கவேண்டும். இருந்தால்தான் தேசியச் சான்றிதழ்ப் பரீட்சைக்கு நேராக இருந்து, ஒன்ராறியோவில் பதிவு எடுக்கலாம். இல்லாவிட்டால் முதலில் தகைமை மதிப்பீடு என்று வேறு நீண்ட பாதை. ஊரிலோ இந்தியாவிலோ பல் வைத்தியராக இருந்து வந்தவர்களுக்கு "படிக்காமலே ஹைஜீனிஸ்ற் லைசன்ஸ்" என்று இதே அலுவலகம் இன்னொரு பக்கேஜ் வைத்திருக்கிறது. அதிலும் கைவைக்காதேங்கோ.

முழு வழிகாட்டியும் எழுதுவேன் என்றேன். இப்போது கை ஓடவில்லை, அவசரமானதை மட்டும் சொல்கிறேன். கணக்கைப் பிள்ளையின் சொந்த மின்னஞ்சலில் திறவுங்கள். கனடாவில் இருக்கும் பிள்ளைக்கு முகவரே தேவையில்லை. விண்ணப்ப இலக்கத்தைக் காட்டி யாராவது காசு கேட்டால் எழும்பி வாருங்கள். எஸ்பிஐ-4யூ இருக்கிறதா என்று இன்றைக்கே புள்ளிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தடுப்பூசிப் பதிவு, பொலிஸ் சோதனை, சீபீஆர் (உயிர்காப்பு முதலுதவிச் சான்றிதழ்), என்95 முகக்கவசப் பொருத்தம் எல்லாம் இடம் கிடைத்த பிறகு கல்லூரி கேட்பது. முன்கூட்டி அதற்கென்று ஒருவருக்கும் காசு கொடுக்காதேங்கோ. கருவிப் பெட்டிக்கே பிறகு ஆயிரக்கணக்கில் வேண்டும், அதற்குச் சேர்த்துவையுங்கள்.

இதே மாதிரி ரசீது வைத்திருப்பவர்கள் அதை எறியவேண்டாம். பொய் சொல்லிச் செய்த ஒப்பந்தத்தை 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு வருடத்துக்குள் எழுத்தில் ரத்துச் செய்யலாம். தங்கச்சியின் கடிதம் நாளைக்குப் பதிவுத் தபாலில் போகிறது, 4,800 டொலரும் முழுதாகத் திருப்பித் தரும்படி. தராவிட்டால் நுகர்வோர் முறைப்பாடு, அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றம். பெறாமகள் பயோலஜிக்குப் பதிந்துவிட்டாள்.