டிஎன்ஏவில் மின்சாரம் பாயுமா? அது கிடக்கும் இடத்தைக் கேளுங்கள்

1999 முதல் 2001 வரையிலான காலத்தில் இந்தக் கேள்விக்கு நான்கு பதில்கள் வந்தன: நல்ல கடத்தி, குறைக்கடத்தி, கடத்தாப்பொருள், அப்புறம் மீக்கடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) மின்முனைகளுக்கு நடுவே வைத்தால் அந்தக் குணமும் தொற்றும் என்பது. நான்கும் தரமான ஆய்விதழ்களில் வந்தவை. மூலக்கூறின் வரிசையும் நீளமும் வேறுபட்டது உண்மைதான். ஆனால் அதைச் சுற்றி என்ன இருந்தது என்பதும் அதே அளவு முக்கியம்.

முதலில் மைக்கா தகடு, அதாவது டிஎன்ஏவைப் பரப்பி வைக்கும் வழவழப்பான கனிமத் தகடு. நுண்ணோக்கியில் படம் எடுக்க வசதி, மூலக்கூறுக்குத்தான் தொல்லை. சுமார் 2 நானோமீட்டர் தடிமனுள்ள இழை அதில் காய்ந்து ஒட்டும்போது தட்டையாகிவிடுகிறது, உயரம் 0.5 நானோமீட்டர் வரை குறைந்ததும் உண்டு. டிஎன்ஏ ஏணியின் படிகளான கார இணைகளின் அடுக்கு குலைந்தால் மின்னூட்டம் எதன் வழியே தாவும்? அந்த மாதிரிகள் கடத்தாததில் வியப்பில்லை. பரப்பில் பென்டைலமீன் என்ற கரிமச் சேர்மத்தைப் பூசி இழையின் தடிமனைக் காத்தபோது கடத்தல் தெரிந்தது.

ஈரக்காற்றில் கதை வேறு. ஈரப்பதம் ஏற ஏற டிஎன்ஏ படலத்தில் மின்னோட்டம் பல மடங்கு கூடும். அந்தப் பெருமையை டிஎன்ஏவுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இழையில் ஒட்டிய நீரும் அயனிகளும்கூட மின்னோட்டத்தைச் சுமக்குமே!

நான் அதிகம் நம்புவது நீருக்குள் செய்த அளவீட்டை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004-இல் நோங்ஜியன் தாவோ குழு தங்க முனைக்கும் தங்கப் பரப்புக்கும் இடையே ஒற்றை மூலக்கூறை மாட்டி அளந்தது. கரைசலில் அயனிக் கசிவு வரும் என்பதால், நுனி மட்டும் தெரியும்படி முனையை மின்காப்புப் பூச்சால் மூடுவார்கள். நடுவில் கார இணைகளில் ஒரு வகையான அடினைன்–தைமின் இணைகளைச் சேர்க்கச் சேர்க்கக் கடத்தல் அடுக்குக்குறி முறையில், அதாவது ஒவ்வொரு இணைக்கும் ஒரே விகிதத்தில், சரிந்தது. வெறும் கசிவாக இருந்தால் வரிசையை மாற்றியதும் இப்படிக் குறையாது.

சரி, நீர் இருந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று முடித்துவிடலாமா? முடியாது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் கரைசலில் எத்தனாலைக் கூட்டி நீரின் பங்கைக் குறைத்தார்கள். டிஎன்ஏ வழக்கமான பி வடிவத்திலிருந்து, சற்றுக் குட்டையாகித் தடித்த ஏ வடிவத்துக்கு மாறியது; கடத்தல் ஏறக்குறைய பத்து மடங்கு உயர்ந்தது. எத்தனாலை எடுத்ததும் பழைய நிலைக்கே திரும்பியது.