பச்சையாக ஓடிய டெஸ்ட்களை நம்பிக் கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் மொத்த விற்பனைக் கடைக்கான பில்லிங் மென்பொருளை, பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நிறுவனத்திடம் எழுதக் கொடுத்திருந்தோம். ஜாவாவில், ஆப்ஜெக்ட்களைத் தரவுத்தளத்தில் சேமித்து எடுக்கும் ஹைபர்நேட் என்ற கருவியைக் கொண்டு எழுதி, நிரலின் பகுதிகளைத் தானாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட்கள் அனைத்தும் பச்சையாக, அதாவது தேறியதாக, அறிக்கையும் தந்தார்கள். அதை நம்பியே முழுப் பணத்தையும் கொடுத்தேன். முதல் வாரத்திலேயே, தள்ளுபடி போட்ட பில்களை மறுநாள் திறந்தால் முழு விலை காட்டியது.

நிரலில் தள்ளுபடியை வைக்கும் புலத்தின் (ஃபீல்ட்) மேல் டிரான்சியன்ட் என்ற குறிப்பு இருந்தது. அது இருந்தால் ஹைபர்நேட் அந்தப் புலத்தைச் சேமிக்காது. அப்படியிருந்தும் சேமித்து, மீண்டும் எடுத்து, தள்ளுபடியைச் சரிபார்க்கும் டெஸ்ட் தேறியிருக்கிறது. ஒரே செஷனுக்குள், அதாவது தரவுத்தளத்தோடான ஒரே வேலைத் தொடருக்குள், அடையாள எண்ணைக் கொடுத்துக் கேட்டால், ஹைபர்நேட் தரவுத்தளத்துக்குப் போகாமல், தன் நினைவகத்தில் உள்ள அதே ஆப்ஜெக்டை எடுத்து நீட்டிவிடும் என்பதே காரணம். அடையாள எண், தரவுத்தளம் வரிசையாக எண் தரும் சீக்வென்ஸிலிருந்து வருவதாக இருந்தால், புதிய வரியைச் சேர்க்கும் இன்சர்ட் கட்டளையும், நினைவகத்தில் உள்ளதைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும் ஃப்ளஷ் நடக்கும்வரை தள்ளிப்போகும். டெஸ்ட்களை ஓட்டிய ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்போ, டெஸ்ட் முடிந்ததும் ரோல்பேக் செய்து, அதாவது எதையும் நிலையாகச் சேமிக்காமல் திரும்பப் பெற்றுவிடும்; அதனால் அந்த இன்சர்ட் நடக்காமலே போய்விடலாம். தரவுத்தளத்துக்குப் போன கட்டளைகளின் பதிவான எஸ்கியூஎல் லாகைத் திறந்தபோது, பல டெஸ்ட்களில் சீக்வென்ஸ் எண்ணைக் கேட்கும் வரி மட்டுமே இருந்ததைக் கண்டு எனக்கு மனம் மிகவும் நொந்துபோனது.

சேமித்த பிறகு ஃப்ளஷ், செஷனின் நினைவகத்தைக் காலி செய்யும் கிளியர் ஆகிய இரண்டையும் அழைக்கும்படி டெஸ்ட்களை மாற்றினோம். ஃப்ளஷ் மட்டும் போதாது, கிளியர் இல்லாவிட்டால் பழைய ஆப்ஜெக்டே திரும்பி வரும். மாற்றியவுடன் தள்ளுபடி டெஸ்ட் விழுந்தது; நீளமான முகவரி, தரவுத்தளத்தில் அதற்கு வைத்த எழுத்து வரம்பான வார்கேர் அளவுக்குள் அடங்காததும் வெளிப்பட்டது; ஜாவாவில் நானோ நொடி வரை இருந்த நேரம், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மைக்ரோ நொடியாகச் சுருங்கித் திரும்பியதால் ஒப்பீடுகளும் தவறின. தரவுத்தளத்துக்குப் பதிலாக நினைவகத்தில் மட்டும் இருக்கும் ஹேஷ்மேப் என்ற பட்டியலை வைத்திருந்த டெஸ்ட்களில், ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் ஜேசன் என்ற உரை வடிவில் எழுதி மீண்டும் படித்துத் தரும்படி செய்தோம். ஆப்ஜெக்டை மாற்றிய பின் சேவ் அழைக்க மறந்திருந்த இரண்டு இடங்கள் அங்கே சிக்கின.

அந்த நிறுவனமோ, டெஸ்ட்கள் தேறியதால் ஒப்பந்தம் நிறைவேறிவிட்டது என்றும், திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்றும் எழுத்தில் பதில் தந்தது. ஆகவே, பணம் கொடுக்கும் முன், சேமிக்கப்பட வேண்டிய ஏதாவதொரு புலத்தின் மேல் டிரான்சியன்ட் குறிப்பைப் போட்டு, உங்கள் கண்முன்னே டெஸ்ட்களை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் எல்லாம் பச்சையாகவே வந்தால் தவணையை நிறுத்தி வையுங்கள்.