ஷாரன் ஜோன்ஸின் கிறிஸ்துமஸ் ஆல்பம்: அந்தக் கடைசி டிராக் மட்டும்...

"ஷாரன் ஜோன்ஸ் அண்ட் த டாப்-கிங்ஸோட கிறிஸ்துமஸ் ரெக்கார்டு விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமா?" என்று ஒரு தோழி கேட்டாள். ஷாரன் அமெரிக்க சோல் பாடகி (கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலும் ப்ளூஸிலும் இருந்து வளர்ந்த இசை அது), டாப்-கிங்ஸ் அவருடைய இசைக்குழு. அவள் கேட்ட அந்த ஆல்பம், 'இட்ஸ் அ ஹாலிடே சோல் பார்ட்டி', என்னிடம் பல வருடமாக இருக்கிறது. டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டில் அதுதான் ஓடும். பாட்டுகள் எப்படி என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை, அவளும் கேட்டவள்தான். எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்.

ஆல்பத்தின் கடைசி டிராக்கில் ஷாரன் பாடுவதில்லை. பழைய கிறிஸ்துமஸ் கேரல் ஒன்றை வாத்தியங்கள் மட்டும் வாசித்து முடித்துவிடுகின்றன. வேறு யாருடைய ஆல்பமாக இருந்தாலும் நான் கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் 2013-ல் இவருக்குப் புற்றுநோய். சிகிச்சை முடிந்து மேடைக்குத் திரும்பினார். 2015-ல் அது மறுபடி வந்துவிட்டது. அந்த வருடம் அக்டோபரில் இந்த ஆல்பம் வெளியானது. அடுத்த வருடம் நவம்பர் 18-ல் போய்விட்டார், 60 வயதில். உயிரோடு இருந்தபோது அவர் வெளியிட்ட கடைசி ஸ்டூடியோ ஆல்பம் இது. அதன் முடிவில் அவர் குரல் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் டாப்-கிங்ஸைக் குறை சொல்ல முடியாது. அட்டையில் அவர்கள் பெயரும் இருக்கிறது. வாத்தியம் மட்டும் வாசிக்கும் டிராக் சோல் இசையில் புதிதும் அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் பழைய பாணியில் எட்டுத் தட டேப்பில் பதிவு செய்யும் ஆட்கள், வாசிப்பில் ஒரு பிசிறு கிடையாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். இருந்தும் ஊசி அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர், 'சைலண்ட் நைட்'டை மெதுவான ப்ளூஸாக இழுத்துப் பாடியிருக்கிறார். அதை நடுவில் வைத்துவிட்டார்கள். முடிவில் வைத்திருக்க வேண்டிய பாட்டு அது.

ஆல்பத்தில் எனக்குப் பிடித்த இன்னொரு பாட்டு 'எய்ன்ட் நோ சிம்னீஸ் இன் த ப்ராஜெக்ட்ஸ்'. அரசுக் குடியிருப்பில் புகைபோக்கி ஏது, சாண்டா எப்படி உள்ளே வந்தார் என்று ஒரு குழந்தை அம்மாவைக் கேட்கிறது. வளர்ந்த பிறகுதான் பரிசுகளை வைத்தது யார் என்று புரிகிறது. 2009-லேயே தனியாக வந்த பாட்டு. நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலராக வேலை பார்த்து, நாற்பது வயதுக்கு மேல் முதல் ஆல்பம் போட்டவர் ஷாரன். அந்த அம்மாவைப் பற்றி அவர் பாடும்போது ஒரு சொல்கூட நடிப்பாகத் தெரியாது. இந்த ஒரு பாட்டுக்கே முழு விலையும் தரலாம்.

ஆனாலும் தோழியிடம் இப்போது வேண்டாம் என்றேன். முதலில் 2007-ல் வந்த அவர்களுடைய '100 டேஸ், 100 நைட்ஸ்' ஆல்பத்தை வாங்கச் சொன்னேன். அது ஒரு கோஸ்பல் பாட்டோடு, அதாவது தேவாலயப் பாணிப் பக்திப் பாட்டோடு முடிகிறது, அதைப் பாடுவது ஷாரன்.